இஸ்திரி டேப்பும் சிக்குக் கோலமும்

(நம் நலச்சங்க மகளிர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். துணியைக் கையில் பிடித்துக் காட்டிய இடங்களில் மட்டும் படிப்பவர்களுக்காக ஒன்றிரண்டு வரி சேர்த்திருக்கிறோம்.)

நாற்காலி கிடைக்காதவர்கள் பாயில் உட்காருங்கள். ஒரு மணி நேரம் ஆகும்.

இன்று பேசச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. திரேஸ்புரத்தில் நாம் பதினொரு பேர் சேர்ந்து தைக்கிறோம். நமக்கு வெளியூர்க் கடைக்காரர் ஒருவரிடமிருந்து நாற்பது குஷன் உறைக்கு ஆர்டர் வந்திருக்கிறது. பதினாறு இஞ்ச் சதுரம், அடுக்குத் தையல் போட்ட குயில்ட் உறை, மேலே சிக்குக் கோலம். மாதிரியைப் பார்த்துவிட்டு ரொம்பப் பிடித்திருக்கிறது என்றார். அடுத்த வரியிலேயே, "டேப்பைத் தைக்க வேண்டாம், இஸ்திரி போட்டு ஒட்டிக் கொடுத்தால் போதும், ஒன்றுக்கு 160 ரூபாய்" என்றும் சொல்லிவிட்டார். சரி என்பதா, வேண்டாம் என்பதா என்று இன்றைக்கு முடிவு எடுக்க வேண்டும். இந்த டேப் என்ன, எப்படி ஒட்டுகிறது, எவ்வளவு நாள் ஒட்டும் என்று தெரியாமல் கை தூக்கினால் அது முடிவு ஆகாது. அதனால் முதலில் டேப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

ஜாக்கெட் கழுத்துக்குப் பைப்பிங் வைக்கிறோமே, அதற்குக் கிராஸ் துணி வெட்டுகிறோம் இல்லையா? அதே கிராஸ் பீஸ்தான் இது. இரண்டு ஓரத்தையும் உள்ளே மடித்து, முதுகுப் பக்கம் சூட்டில் உருகுகிற பசையை மெல்லிய நாடா மாதிரி ஓட்டியிருப்பார்கள். துணி மேல் வைத்து இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் பசை உருகிப் பிடித்துக்கொள்ளும். சட்டைக் காலருக்குப் போடுகிற ஒட்டு கேன்வாஸ் தெரியுமே, அந்தக் குடும்பம்தான். ஜப்பானில் குளோவர் என்கிற கம்பெனி இதைச் சுருளாக விற்கிறது. கால் இஞ்ச் அகலம், அதாவது 6 மில்லிமீட்டர், பத்து மீட்டர் நீளம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குயில்ட் தைக்கிற பெண்கள் வாங்கி வைத்துக்கொண்டு அதில் முடிச்சு முடிச்சாக வடிவம் போடுகிறார்கள். தேவாலயத்துக் கண்ணாடி சன்னல் மாதிரி வேண்டும் என்றால் கறுப்பு டேப். வண்ணத் துண்டுகளை அடுக்கி, இடையில் ஓடுகிற ஈயப் பட்டைக்குப் பதில் கறுப்புக் கோடு. பனிமய மாதா திருவிழா சமயத்தில் அந்த மாதிரி லில்லிப் பூ, கப்பல் எல்லாம் போட்டால் அழகாக வரும் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். வரும். அதை வேறொரு நாள் பார்ப்போம்.

ஏன் கிராஸாகவே வெட்ட வேண்டும்? தையல் படித்த பிள்ளைகளைக் கேட்டால் "வளையும்" என்பார்கள். ஏன் வளைகிறது என்றால் பாதிப் பேர் முழிப்பார்கள். நமக்கு முழிக்க வேண்டிய அவசியமே இல்லை, வாசலில் வலை காய்கிறது. ஒரு வலைக்கண்ணை எடுத்து நான்கு மூலையும் சதுரமாக வருகிற மாதிரி விரித்துப் பிடியுங்கள். நூல் போகிற திசையில் இழுங்கள், ஒன்றும் நடக்காது. அதே கண்ணை மூலைக்கு மூலை பிடித்து இழுங்கள். சதுரம் சாய்ந்து நீண்டுகொண்டு போகும், இடுப்பு ஒடுங்கும். நெய்த துணியும் சின்னச் சின்னச் சதுரக் கண் உள்ள வலைதான். பாவும் ஊடையும் நேர் நூல். அந்தத் திசையில் வெட்டிய பட்டை வளைவில் வைத்தால் உள்பக்கம் சுருக்கம் விழுந்து எழும்பி நிற்கும். மூலைவாட்டில், 45 டிகிரியில் வெட்டினால் கண்கள் சாய்ந்து கொடுக்கும். வளைவின் வெளிப்பக்கம் நீளும், உள்பக்கம் ஒடுங்கும், பட்டை படுத்துக்கொள்ளும். கப்பல் பாய் தைப்பவர்களுக்கு இதே குணம் எதிரி. காற்று மூலைவாட்டில் இழுத்தால் பாய் தொங்கிப்போகும், அதனால் நூல் போகும் திசை பார்த்துத்தான் பட்டை சேர்ப்பார்கள். அவர்களுக்கு ஆகாதது நமக்கு ஆகும்.

இப்போது கோலத்துக்கு வருகிறேன். அயர்லாந்தில் பழைய கல் சிலுவைகளில் கயிறு பின்னிய மாதிரி முடிச்சு வடிவம் இருக்கும். கெல்ஸ் புத்தகம் என்று ஏறத்தாழ 1200 வருஷத்துக்கு முந்திய கையெழுத்துச் சுவடி ஒன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது, அதிலும் பக்கத்துக்குப் பக்கம் அந்தப் பின்னல். டேப் குயில்ட் தைக்கிற வெளிநாட்டுக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் வரைகிறார்கள். அச்சடித்த மாதிரித் தாளைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள், துணிக்கு அடியில் வைத்துக் கோடு இழுக்கிறார்கள். நமக்கு அந்தத் தாள் வேண்டாம். விடிகாலையில் அரைத்தூக்கத்தில் பதினைந்து புள்ளி வைத்து இழுக்கிற கை நம்முடையது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன், மூன்று பேரும் 1974-ல் கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதினார்கள். கணினி விஞ்ஞானத்தில் அதற்குப் பிறகு வந்தவர்கள் இன்றைக்கும் அதை எடுத்துப் பேசுகிறார்கள். நம் வாசலில் தினமும் அழிகிற கோடு அது. துணியில் ஏற்றினால் அழியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அதைக் கவனமாகக் கேளுங்கள், வேலை கெடுவது இங்கேதான். தரையில் மாவுக்கோடு கோட்டைக் கடக்கும்போது எது மேலே, எது கீழே என்று கிடையாது. டேப்புக்கு உண்டு. ஒன்று மேலே போக வேண்டும், ஒன்று கீழே போக வேண்டும். மேல், கீழ், மேல், கீழ் என்று மாறி மாறிப் போனால்தான் பாய் முடைந்த மாதிரி அழகாக இருக்கும். எங்கேயாவது ஒரு இடத்தில் இரண்டு மேல் அடுத்தடுத்து வந்தால், என்ன குறை என்று சொல்லத் தெரியாது, ஆனால் பார்க்கிறவர் கண் அங்கேயே போய் நிற்கும்.

நல்ல செய்தி என்னவென்றால், சிக்குக் கோலத்தில் இது எப்போதும் சரியாக வரும். கோட்டின் ஓரிடத்தில் விரலை வைத்துக் கிளம்புங்கள். முதல் சந்திப்பு மேல், அடுத்தது கீழ் என்று சொல்லிக்கொண்டே போங்கள். கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும்போது கணக்கு இடிக்காது. கோலத்தில் இரண்டு மூன்று தனிக் கோடு சேர்ந்திருந்தாலும் இடிக்காது. முதல் கோடு எங்கெல்லாம் மேலே போனதோ அங்கெல்லாம் இரண்டாவது கோடு கீழே, அதை வைத்து மற்றதெல்லாம் தானே அமையும். இது கணிதத்தில் நிரூபித்த சங்கதி. அதனால் உங்களுக்கு இடித்தால் கோலத்தின் மேல் பழி போடாதீர்கள், எங்கேயோ ஒரு சந்திப்பை எண்ணாமல் தாண்டியிருப்பீர்கள்.

மாதிரி உறையில் இருப்பது 1-3-5-3-1 நேர்ப்புள்ளி. மொத்தம் 13 புள்ளி. புள்ளிக்குப் புள்ளி இரண்டரை இஞ்ச் இடைவெளி விட்டால் கோலம் பன்னிரண்டரை இஞ்சுக்கு வரும், பதினாறு இஞ்ச் உறையில் சுற்றிலும் இடம் இருக்கும். கோடு கோட்டைக் கடக்கிற இடம் 16. டேப் இரண்டரை மீட்டர் பிடிக்கும், இரண்டே முக்கால் வைத்துக்கொள்ளுங்கள். வேறு கோலம் எடுத்தால் மனக்கணக்குப் போடாதீர்கள். கோலத்தின் மேல் ஒரு தையல் நூலை ஓட்டி எடுத்து இஞ்ச் டேப்பில் அளந்தால் முடிந்தது. புள்ளி இடைவெளியை ஒன்றரை இஞ்சுக்குக் குறைக்க வேண்டாம், கால் இஞ்ச் டேப் அந்த வளைவில் முரண்டு பண்ணும்.

நாற்பது உறைக்கு டேப் 110 மீட்டர். வெளிநாட்டுச் சுருள் வாங்கினால் பதினொன்று வேண்டும். தூத்துக்குடியில் நான் கேட்ட கடைகளில் அது இல்லை, இணையத்தில் வருகிற விலைக்கு வாங்கி நம்மால் கட்டாது. நாமே செய்யலாம். ஒரு பழைய பருத்திச் சேலையில், கிழிசல் நைந்த இடம் தள்ளி, பதினெட்டு இஞ்ச் சதுரம் வெட்டுங்கள். அரை இஞ்ச் அகலத்தில் கிராஸ் பட்டை எடுத்தால் அந்த ஒரு சதுரத்தில் 648 இஞ்ச் வரும். பதினாறு மீட்டருக்கு மேல்! ஒட்டுப் போடுகிற சேதாரம் போனாலும் பதினைந்து மீட்டர் கையில் நிற்கும். எட்டுச் சதுரம் இருந்தால் ஆர்டர் முழுக்க முடிந்துவிடும். ஒரு சேலையில் அதைப்போல் இரண்டு மடங்கு சதுரம் எடுக்கலாம்.

துண்டு துண்டாக வெட்டி ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம். சதுரத்தை மூலைக்கு மூலை வெட்டி இரண்டு முக்கோணம் ஆக்குங்கள். நேர் ஓரங்களில் ஒரு ஜோடியைச் சேர்த்துத் தைத்தால் சாய்ந்த கட்டம் ஒன்று வரும். சாய்வு ஓரத்துக்கு இணையாக அரை இஞ்சுக்கு ஒரு கோடு தையல் சாக்கால் போடுங்கள். மீதி இரண்டு நேர் ஓரங்களையும் சேர்க்கும்போது ஒரு கோடு தள்ளிச் சேர்த்தால் குழாய் மாதிரி ஆகும். கோட்டின் மேலேயே கத்தரியைச் சுற்றிச் சுற்றி ஓட்டினால் அறுபடாமல் ஒரே நாடாவாக வந்துகொண்டே இருக்கும், ஆப்பிள் தோல் சீவுகிற மாதிரி. (இதைக் கேட்டுப் புரியாது, பார்த்தால் புரியும். மேசையில் ஒன்று பாதி வெட்டி வைத்திருக்கிறேன்.)

அந்த நாடாவின் இரண்டு ஓரத்தையும் நடுவுக்கு மடித்து இஸ்திரி போட வேண்டும். மடிப்பு மூன்று மில்லிமீட்டர்தான், விரல் சுடும். இதற்குப் பித்தளையில் சின்னக் கருவி ஒன்று வருகிறது, ஒரு பக்கம் துணியை விட்டால் மறுபக்கம் மடிந்து வரும். கருவி இல்லாவிட்டால் இஸ்திரி விரிப்பில் இரண்டு ஊசியைக் கால் இஞ்ச் இடம் விட்டுப் பாலம் மாதிரிக் குத்தி, மடித்த நாடாவை அதற்கு அடியில் விட்டு இழுத்துக்கொண்டே பெட்டியை வைக்கலாம். முதல் தடவை செய்கிறவர்கள் முக்கால் இஞ்ச் பட்டையில் பழகுங்கள். டேப் கொஞ்சம் அகலமாக வரும், புள்ளி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். மடித்த பிறகு முதுகில் பசை வலையை, அதுதான் பேண்ட் மடிப்பு ஒட்டுவதற்கு விற்கிறார்களே அதை, டேப்பை விடக் கொஞ்சம் ஒடுக்கமாக நறுக்கி வைத்தால் வேலை ஆயிற்று. டேப்பை விட்டு வெளியே வந்தால் இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு அடுத்த துணியையும் நாசம் பண்ணும்.

சேலை பருத்தியாகத்தான் இருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்திருந்தால் பசை உருகுகிற சூட்டில் அதுவே சுருங்கும். துவைத்துச் சாயம் பார்த்த பிறகுதான் வெட்ட வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்துச் சூடான பெட்டியால் அழுத்துங்கள், வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தச் சேலையை ஒதுக்கிவிடுங்கள். சிவப்பும் கருநீலமும் அதிகமாகச் சோதிக்கும்.

ஒட்டும்போது பெட்டியை இழுக்கக் கூடாது. வைத்து, ஏழெட்டு வரை எண்ணி, எடுத்து அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். வளைவில் டேப்பின் உள்ஓரத்தைக் கோட்டோடு வைத்துக்கொண்டு வெளிஓரத்தை நீளவிட வேண்டும். ஆறுகிற வரைக்கும் தொடக் கூடாது, பசை பிடிப்பது ஆறும்போதுதான். மேலே போகிற சந்திப்பு வந்தால் அந்த இடத்தில் ஒரு இஞ்ச் மட்டும் இஸ்திரி போடாமல் விட்டுவிடுங்கள். அப்புறம் சுற்றிவருகிற கோடு அதற்கு அடியில் நுழைந்து போகும், நுழைந்த பிறகு அழுத்துங்கள். நாடாவில் ஒட்டுப் போட்ட இடம், தொடக்கம், முடிவு எல்லாம் ஏதாவது ஒரு சந்திப்பின் அடியில் ஒளிய வேண்டும். பெட்டியில் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள் அக்கா. நம் ஊர்த் தண்ணீரின் உப்புக்கு நீராவித் துளையிலிருந்து துருவும் சுண்ணாம்பும் கக்கும், வெள்ளைத் துணியில் விழுந்தால் போகாது. ஈரக் கைக்குட்டை போதும்.

இதுவரை சொன்னது ஒட்டுகிற வேலை. ஒரு உறைக்கு, டேப் தயாராக இருந்தால், ஒன்றேகால் மணி நேரம். கடைக்காரர் இங்கேயே நிறுத்தச் சொல்கிறார்.

குயில்ட் என்றால் என்ன? மேலே ஒரு துணி, நடுவில் ஒரு அடுக்கு, கீழே ஒரு துணி, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற தையல். அந்தத் தையல் இல்லாவிட்டால் அது மூன்று துணி, குயில்ட் அல்ல. குளிர்நாட்டில் நடுவில் தடிமனான பஞ்சு விரிப்புப் போடுவார்கள். தூத்துக்குடிப் புழுக்கத்துக்கு அது வேண்டாம், பழைய வேட்டி இரண்டு மடிப்புப் போதும். கர்நாடகத்தில் சித்திப் பெண்கள் பழைய துணித் துண்டுகளை அடுக்கிக் கையாலேயே ஓட்டுத் தையல் போட்டுக் கௌதி என்று போர்வை தைக்கிறார்கள். நாலு மூலையிலும் பூ மாதிரிச் சின்ன மடிப்பு வைக்காமல் முடிக்க மாட்டார்கள். அங்கேயும் போர்வையைப் பிடித்து வைத்திருப்பது தையல்தான். இந்த டேப் வேலையில் ஒரு லாபம் உண்டு: மூன்று அடுக்கையும் சேர்த்து வைத்து டேப்பின் ஓரத்தில் மிஷினை ஓட்டினால், டேப்பும் பிடித்தது, அடுக்கும் பிடித்தது. கோலமே குயில்ட் தையல் ஆகிவிடுகிறது. ஒட்டி மட்டும் கொடுத்தால் அந்த லாபம் போய்விடுகிறது, உள்ளே வேட்டி நழுவிச் சுருண்டுகொள்ளும்.

பசை எதற்கு என்றால், டேப்பை நகராமல் வைத்திருக்க. ஊசி குத்தி, நூல் ஓட்டி, வளைவில் கை வைத்துப் பிடித்துக்கொண்டு தைக்கிற பாட்டை மிச்சப்படுத்த. அந்த உபகாரம் பெரியது, நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஒட்டி மட்டும் வைத்த ஒரு உறையை நான் வீட்டில் நம் தண்ணீரிலேயே துவைத்துப் பார்த்தேன். இரண்டு தடவை ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது தடவை வளைவுகளில் வெளிஓரம் தூக்கியது. ஆறாவது தடவை சந்திப்புகளில் விரல் நுழைகிற அளவு வாய் திறந்துவிட்டது. இதோ சுற்றிவிடுகிறேன், விரலை விட்டுப் பாருங்கள். வளைவில் ஏன் முதலில் போகிறது என்றால், அங்கேதான் டேப்பை நீட்டி வைத்திருக்கிறோம். நீட்டிய துணி ஈரம் பட்டதும் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். கோலம் முழுக்க வளைவுதானே.

தஞ்சாவூர்ப் பக்கம் கோவில் தேருக்குத் தொம்பையும் தோரணமும் செய்கிறவர்கள் வெட்டுத் துணியைத் துணி மேல் வைத்துத் தைத்துத்தான் சிம்மமும் யாளியும் அன்னமும் கொண்டுவருகிறார்கள். தேர் வெயிலில் நிற்கும், காற்றில் ஆடும். அங்கே ஒட்டி வைத்தால் எத்தனை வீதி தாங்கும் என்று யோசியுங்கள். குஷன் உறை தேர் ஏறப் போவதில்லை, ஆனால் வீட்டில் பிள்ளைகள் அதன் மேல் ஏறுகின்றன.

தைப்பதில் என்ன கஷ்டம் என்று கடைக்காரருக்குத் தெரியாது, அதனால் அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குச் சொல்ல வேண்டும் என்றால் நமக்குக் கணக்குத் தெரிய வேண்டும். டேப்புக்கு இரண்டு ஓரம். வளைவின் உள்ஓரத்தை முதலில் தைத்து, அப்புறம் வெளிஓரம். மாற்றித் தைத்தால் உள்ளே சுருக்கம் அகப்பட்டுக்கொள்ளும். கீழே போகிற ஒவ்வொரு சந்திப்பிலும் தையலை நிறுத்தி, ஊசியைத் தூக்கி, மேல் டேப்பைத் தாண்டிப் போட வேண்டும். 16 சந்திப்பு, இரண்டு ஓரம், ஆக ஒரு உறையில் 32 இடத்தில் ஊசியைத் தூக்கிப் போடுகிறோம். பின்பக்கம் நூலை இழுத்து முடிச்சுப் போட்டு நறுக்குவது தனி. இரட்டை ஊசி போட்டால் இரண்டு ஓரமும் ஒரே ஓட்டத்தில் வருமே என்று ஒரு தங்கச்சி கேட்டாள். வரும், ஜிக்ஜாக் போடுகிற மிஷினில். நம்மில் ஒன்பது பேரிடம் இருப்பது காலால் மிதிக்கிற கறுப்பு மிஷின், அதன் தட்டில் ஒரு ஊசி போகிற துளைதான் இருக்கிறது. இரட்டை ஊசி மாட்டினால் தட்டில் மோதி உடையும், கண்ணுக்கும் ஆபத்து. செய்யாதீர்கள்.

தைப்பதற்கு முன் மூன்று அடுக்கையும் பெரிய ஓட்டுத் தையலால் சேர்த்துவிடுங்கள். ஊக்குக் குத்தினால் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும், ராத்திரி விட்டால் கடல் காற்றில் துருக்கறை நிற்கும். ஊசி 14-ம் நம்பர், நூல் டேப்பின் நிறத்தில். தைத்து முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம். ஒட்டுவதையும் சேர்த்தால் மூன்று மணி நேரம்.

இப்போது காசு. துணி, அடுக்கு, ஜிப்பு 70 ரூபாய். பசை, நூல், கரண்ட் 15. அவர் தருகிற 160-ல் 85 போனால் 75 ரூபாய். தைத்துக் கொடுத்தால் மூன்று மணி நேரத்துக்கு 75, மணிக்கு 25 ரூபாய். ஒட்டி மட்டும் கொடுத்தால் ஒன்றேகால் மணி நேரத்துக்கு அதே 75, மணிக்கு 60 ரூபாய். பார்த்தீர்களா, ஒட்டிக் கொடுப்பதுதான் நமக்கு லாபம் என்று கணக்கு சொல்கிறது. அதை மறைத்து நான் பேசினால் சரியாக இருக்காது. விசைப்படகுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள். நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்றாலும் காற்று வீசுகிற நாளில் யார் போகிறார்கள்? அந்த நாளில் வீட்டுக்கு வருகிற 75 ரூபாய் எவ்வளவு பெரியது என்று இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

என் யோசனை இது. தைத்துத் தருகிறோம், 260 ரூபாய் என்று கேட்போம். 85 போனால் 175, மூன்று மணி நேரத்துக்கு மணிக்கு 58 ரூபாய் சொச்சம். ஒட்டிக் கொடுத்தால் கிடைக்கிற அதே கூலிதான். கூடவே இரண்டு உறையையும் அனுப்புவோம், ஆறு தடவை துவைத்த ஒட்டு உறை ஒன்று, அதே ஆறு தடவை துவைத்த தைத்த உறை ஒன்று. வார்த்தை எதுவும் வேண்டாம், அவரும் விரலை விட்டுப் பார்க்கட்டும். முடியாது என்றால் பதினாறு சந்திப்பைக் குறைத்து, சின்னக் கோலமாக, 200 ரூபாய்க்கு இறங்கலாம். ஐந்து புள்ளிக்குப் பதில் மூன்று புள்ளி, 1-3-1 என்றால் நாலே சந்திப்பு, எட்டே தாவல். அதையும் தைத்துத்தான் கொடுப்போம். இந்த ஊரில் கூலி கேட்பது புதுசும் அல்ல. 1908-ல் கோரல் மில் தொழிலாளர்கள் வ.உ.சி. துணையோடு வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் வார விடுமுறையும் வாங்கிய ஊர் இது. நான் வேலைநிறுத்தம் எல்லாம் பண்ணச் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம் தலைவரே.

மேசைமேல் ஒரு அக்கா சீட்டு எழுதி வைத்திருக்கிறார்கள்: "கைக்குழந்தைக்கு இப்படிப் போர்வை தைக்கலாமா?" தைக்கலாம். ஆனால் அங்கே ஒட்டு மட்டும் என்கிற பேச்சே கிடையாது. தூக்கிய டேப் ஒரு கண்ணி மாதிரி நிற்கும், பிஞ்சு விரல் அதில் மாட்டும். ஓரத்தைக் கையால் நெருக்கமாக எம்மிங் பண்ணுங்கள். புள்ளி இடத்தில் மணி, பொத்தான் எதுவும் வேண்டாம், நூலால் முடிச்சு வையுங்கள். பெரியவர்கள் உறைக்கு வேண்டுமானால் முத்து மாதிரி மணி வைக்கலாம். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோன துறையில் நாம் பிளாஸ்டிக் முத்துத் தைப்பது ஒரு வேடிக்கைதான், ஆனால் புள்ளிக்கு நன்றாகப் பொருந்துகிறது.

இன்னொரு சீட்டு: "பழைய உறையில் டேப் தூக்கிவிட்டது, மறுபடி இஸ்திரி போட்டால் ஒட்டுமா?" சில சமயம் ஒட்டும், மறுபடி தூக்கும். ஒட்டின சூட்டோடு கையால் இரண்டு ஓரமும் தைத்துவிடுங்கள். துவைக்கும்போது உள்பக்கம் வெளியே திருப்பி, பிரஷ் போடாமல், நிழலில் காயப்போடுங்கள். நம் வெயில் மூன்று மாதத்தில் கருநீலத்தைச் சாம்பல் ஆக்கிவிடும்.

கை தூக்குவதைப் பதினைந்து நிமிஷம் தள்ளிவைக்கலாம் என்று செயலாளர் சொல்கிறார். நல்லது. இஸ்திரிப் பெட்டி சூடாகிவிட்டது. மேசையில் மூன்று துணியில் 1-3-1 புள்ளி வைத்திருக்கிறேன். கோலத்தில் கை வேகமான மைனிமார் மூன்று பேர் முன்னால் வாருங்கள், மற்றவர்கள் அந்த இரண்டு உறையையும் கைமாற்றிக்கொண்டே இருங்கள்.